ஏற்காடு பாக்சைட்: டைட்டானியம் ப்ரீ-எட்ஜ் உயரம் 0.4. அணைவு எண் 5 என்று எடுத்துக்கொள்ளலாமா?

செம்மண்_சேலம்:

வணக்கம். சேர்வராயன் மலையின் மேல்தட்டில் சார்னோக்கைட் (கிரானைட் போன்ற கடினப் பாறை) சிதைந்து உண்டான பாக்சைட் (அலுமினியத் தாது), அதற்குக் கீழே பாதி சிதைந்த பாறை, ஏற்காடு மலைப்பாதை வெட்டுமுகத்தில் கிடைக்கும் சிதையாத சார்னோக்கைட். இந்த மூன்றிலும் டைட்டானியம் எந்தக் கனிமத்தில் இருக்கிறது, மேலே போகப் போக எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ஆர்டி-யை (எக்ஸ் கதிரால் படிகக் கனிமங்களை அடையாளம் காணும் முறை) மட்டும் நம்ப முடியவில்லை. அனடேஸின் (டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம்) முதல் சிகரம் 25.3 டிகிரியில் வருகிறது, கயோலினைட் (ஒரு களிமண் கனிமம்) 24.9-ல் அதை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. அனடேஸ் துகள் நுண்ணியதாக இருந்து சிகரம் அகன்றுவிட்டால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. அதனால்தான் டைட்டானியம் கே-எட்ஜில் (எக்ஸ் கதிரை டைட்டானியம் திடீரென அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றலில்) ஸேன்ஸ் (அந்த எட்ஜை ஒட்டிய உறிஞ்சல் நிறமாலை) எடுத்தோம்.

முறை இதுதான்: பாக்சைட்டை (டைட்டானியம் டை ஆக்சைடு 2 முதல் 3 சதவீதம்) அரைத்து, 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, எதுவும் கலக்காமல் 13 மி.மீ. வில்லையாக அழுத்தி ஃப்ளூரசன்ஸ் முறையில் (மாதிரி திருப்பி உமிழும் எக்ஸ் கதிரை எண்ணி) அளந்தோம். கனக் கனிமங்களைத் தனியே பிரித்து அதையும் அப்படியே அளந்தோம். ஸ்டாண்டர்டுக்கு ரூட்டைல் (டைட்டானியம் டை ஆக்சைடின் இன்னொரு வடிவம்) தூள், அதுவும் தனி வில்லை.

நார்மலைஸ் செய்த பிறகு (எட்ஜின் தாவலை 1 என்று வைத்த பிறகு) ப்ரீ-எட்ஜில் (எட்ஜுக்குச் சற்று முன்னுள்ள பகுதி) முக்கியச் சிகரத்தின் உயரம்: கனக் கனிமப் பகுதியில் 0.40, பாக்சைட்டில் 0.31, ரூட்டைலில் 0.45. மூன்றிலும் சிகரம் 4971.5 ஈவி-யை (எலக்ட்ரான் வோல்ட்) ஒட்டி நிற்கிறது. உயரத்தைப் பார்த்தால் அணைவு எண் (டைட்டானியத்தைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களின் எண்ணிக்கை) 5 போலத் தெரிகிறது. அப்படி எழுதலாமா? அடுத்த முறை பீம் (சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்) கிடைக்கும்போது மாதிரியை எப்படித் தயார் செய்வது?


ஒளிக்கற்றை:

அப்படி எழுதாதீர்கள். உங்கள் ரூட்டைல் ஸ்டாண்டர்டே விடையைச் சொல்லிவிட்டது. ரூட்டைலில் டைட்டானியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் இருப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அதன் உயரம் 0.2-ஐ ஒட்டித்தான் வர வேண்டும். அதுவே 0.45 காட்டுகிறது என்றால் கோளாறு அளவீட்டில் இருக்கிறது, கனிமத்தில் இல்லை.

1990-களில் ஃபார்ஜ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்துக் கொடுத்த படத்துக்கு இரண்டு அச்சு உண்டு. ஒன்று உயரம், மற்றொன்று சிகரம் நிற்கும் ஆற்றல். அணைவு எண் 4 என்றால் 4969.5 ஈவி-யை ஒட்டி, உயரம் 0.9-க்கு மேல். 5 என்றால் 4970.5 சுற்றிலும், உயரம் ஏறக்குறைய 0.4 முதல் 0.8 வரை. 6 என்றால் 4971.5 பக்கம், உயரம் 0.3-க்குள். இவையெல்லாம் டைட்டானியம் தகட்டின் முதல் வளைவுமாற்றப் புள்ளியை 4966.0 என்று வைத்துச் சொன்ன எண்கள். உங்கள் சிகரம் 4971.5-ல் நிற்கிறது. சுய உறிஞ்சல் (தடித்த மாதிரி கதிரைத் தானே விழுங்கிச் சிக்னலை அமுக்குவது) உயரத்தைத்தான் கெடுக்கும், சிகரத்தை இடம் நகர்த்தாது. உயரம் 5 என்கிறது, ஆற்றல் 6 என்கிறது என்றால் ஆற்றலை நம்புங்கள்.

உயரம் ஏன் கூடியது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். தடித்த வில்லையில், கதிர் 45 டிகிரியில் பட்டு 45 டிகிரியில் வெளியேறினால், ஃப்ளூரசன்ஸ் சிக்னல் என்பது டைட்டானியத்தின் உறிஞ்சலை மொத்த உறிஞ்சலால் வகுத்தது. மொத்தம் என்பதில் உள்ளே வரும் கதிருக்கான உறிஞ்சலும், வெளியேறும் 4510 ஈவி கதிருக்கான உறிஞ்சலும் சேரும். ரூட்டைலில் எட்ஜுக்குக் கீழே கிராமுக்குச் சுமார் 70 சதுர செ.மீ., மேலே 430, வெளியேறும் கதிருக்கு 90. எட்ஜின் தாவல் 360. ஆக எட்ஜுக்கு மேலே சிக்னல் 360-ஐ 520-ஆல் வகுத்தால் 0.69. உண்மை உயரம் 0.20 என்றால் ப்ரீ-எட்ஜில் டைட்டானியத்தின் பங்கு 72, அதை 232-ஆல் வகுத்தால் 0.31. இரண்டின் விகிதம் 0.45. உங்களுக்கு வந்த எண்ணேதான். இல்மனைட்டுக்கும் (இரும்பு-டைட்டானியம் ஆக்சைடு) இதே கணக்கைப் போட்டால் 0.20 என்பது 0.32 ஆகிறது. எட்ஜ் அமுங்குகிறது, ப்ரீ-எட்ஜ் அந்த அளவு அமுங்கவில்லை, நார்மலைஸ் செய்ததும் ப்ரீ-எட்ஜ் வளர்ந்ததுபோல் தெரிகிறது.

பாக்சைட்டில் 2–3 சதவீதம்தானே, அங்கே சுய உறிஞ்சல் எப்படி வரும் என்று கேட்பீர்கள். டைட்டானியம் கிப்சைட் (அலுமினியம் ஹைட்ராக்சைடு), கோதைட் (இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடு) எல்லாவற்றிலும் அணு அணுவாகப் பரவியிருந்தால் அந்த வாதம் சரி, விளைவு சில சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் சார்னோக்கைட்டிலிருந்து வந்த பாக்சைட்டில் சிதையாமல் தப்பிய இல்மனைட் பரல்கள் இருக்கும். பரலுக்குள் டைட்டானியம் 30 சதவீதத்துக்கு மேல். கதிர் பார்ப்பது அந்தப் பரலைத்தான், உங்கள் வேதிப் பகுப்பாய்வு சொல்லும் சராசரியை அல்ல. எட்ஜுக்கு மேலே கதிர் ரூட்டைலில் ஐந்தரை மைக்ரான், இல்மனைட்டில் ஏழரை மைக்ரான் போவதற்குள் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. 60 மைக்ரான் பரல் அதற்கு ஒரு சுவர். அந்தச் சல்லடை இந்த வேலைக்கு உதவாது.

அதீனா மென்பொருளில் சுய உறிஞ்சல் திருத்தம் இருக்கிறது, ஒரே கனிமம் கொண்ட வழவழப்பான வில்லை என்றால் போடலாம். உங்கள் பாக்சைட்டுக்குப் போடாதீர்கள். அது ஒரு வேதி வாய்பாட்டைக் கேட்கும். பரல் பரலாக இருக்கும் கலவைக்கு எந்த வாய்பாட்டைக் கொடுத்தாலும் பொய்தான். மறுபடி அரைத்து அளப்பதுதான் வழி.


அகேட்_உரல்:

மாதிரி தயாரிப்பு பத்தி நான் சொல்றேன்.

ஸ்டாண்டர்டு எல்லாத்தையும் ட்ரான்ஸ்மிஷன்ல (கதிர் மாதிரியை ஊடுருவிப் போற முறை) எடுத்துடுங்க, அங்க ஃப்ளூரசன்ஸ் வேண்டாம். எட்ஜ் தாவல் 1 வரணும்னா ரூட்டைல், அனடேஸ் ரெண்டுக்கும் சதுர செ.மீ.க்கு 2.8 மி.கி. போதும். 13 மி.மீ. வில்லைக்கு 3.7 மி.கி. இல்மனைட்னா 7 மி.கி. இதைப் போரான் நைட்ரைடோட (வில்லைக்கான நிரப்புப் பொடி) கலக்கணும். இங்கதான் பலபேர் கோட்டை விடறாங்க: இரும்பு எட்ஜுக்குப் பழகின கையால 100 மி.கி. போரான் நைட்ரைடு போட்டுடுவாங்க. 5000 ஈவி-ல அவ்வளவு போட்டா அதுவே கதிரை அஞ்சுல நாலு பங்கு தின்னுடும். 45 மி.கி.க்கு மேல வேண்டாம். வில்லை ஒடியற மாதிரி மெல்லிசாத்தான் இருக்கும், ரெண்டு பக்கமும் கேப்டான் (பாலிமர் படலம்) ஒட்டி எடுங்க. 25 மைக்ரான் கேப்டான் ஒவ்வொண்ணும் 9 சதவீதம் உறிஞ்சும், அதுக்கு மேல தடிமன் வேண்டாம்.

அரைக்கிறது: அகேட் உரல்ல எத்தனால் விட்டுக் கையால. டங்ஸ்டன் கார்பைடு உரல் வேணவே வேணாம், அந்தக் கலவையில பல சமயம் டைட்டானியம் கார்பைடும் சேர்ந்திருக்கும். வேகமான பால் மில்லும் வேண்டாம். ரொம்ப நேரம் ஓட்டினா அனடேஸ் ரூட்டைலா மாற ஆரம்பிக்கும், அப்புறம் பாக்சைட்ல ரூட்டைல் இருக்குன்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

பரல் அளவு சரியான்னு பார்க்க வண்டல் முறை. 5 செ.மீ. உயரத் தண்ணில தூளைக் கலக்கி விட்டா, 5 மைக்ரானுக்கு மேல இருக்கிற இல்மனைட் 17 நிமிஷத்துல அடியில உட்கார்ந்துடும். உட்கார்ந்ததைத் திரும்ப அரைங்க, திரும்பக் கலக்குங்க. அடியில உட்கார்ந்ததைக் கொட்டிட்டு மேல மிதக்கறதை மட்டும் அளக்கக் கூடாது. கனமான இல்மனைட் கீழ போய் லேசான களிமண் மேல நிக்கும், கனிம விகிதமே தலைகீழாயிடும். எல்லாம் மேல நிக்கற வரைக்கும் அரைச்சு, கடைசியில மொத்தத்தையும் ஒண்ணா உலர்த்துங்க.

இன்னொண்ணு. வெள்ளை டேப், வெள்ளை லேபிள் பேப்பர், வெள்ளை பிளாஸ்டிக் ஹோல்டர், வெள்ளை பெயின்ட் இதெல்லாம் கதிர் பாதையில இருக்கவே கூடாது. வெள்ளை நிறத்துக்காக அதுல போடறதே டைட்டானியம் டை ஆக்சைடுதான். காலி ஹோல்டரை வெச்சு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க. எட்ஜ் தெரிஞ்சா ஹோல்டரை மாத்துங்க.


செம்மண்_சேலம்:

இரண்டு பேருக்கும் நன்றி. ரூட்டைல் கணக்கு அப்படியே பொருந்துவதைப் பார்த்தபின் சந்தேகமே இல்லை. இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பாக்சைட்டைக் கொதிக்கும் காரத்தில் போட்டுக் கிப்சைட்டையும் கயோலினைட்டையும் கரைத்துவிட்டு மிச்சத்தை அளக்கலாமா? பீம்லைனில் வாயு, டிட்யூனிங், ஸ்கேன் படி இதெல்லாம் எப்படி வைப்பது? சிதையாத சார்னோக்கைட்டில் பயோடைட்டும் (மைக்கா வகை) நீலச் சாயல் கொண்ட குவார்ட்சும் இருக்கின்றன, அவற்றையும் அளக்கும் எண்ணம் உண்டு.


அகேட்_உரல்:

கரைக்கலாம். 5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரு மணி நேரம் கொதி, அப்புறம் நல்லாக் கழுவணும். இரும்பு ஆக்சைடும் அனடேஸும் மிஞ்சும். அலுமினியம் கலந்த கோதைட் கரையாம இருக்கணும்னா கரைசல்ல 0.2 மோலார் சிலிக்கா முன்னாடியே கலந்துக்கங்க. சோடலைட் (சோடியம் அலுமினோ சிலிகேட்) படிஞ்சா நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல கழுவிடுங்க. ஆனா கரைக்காத மாதிரியையும் கூடவே அளக்கணும். ரெண்டுலயும் டைட்டானியத்தோட வடிவம் ஒண்ணா இருக்கான்னு பார்க்கறதுதான் கரைச்சது எதையும் கெடுக்கலேங்கறதுக்குச் சாட்சி.


நான்காம்_சேம்பர்:

பீம்லைன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தூர் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் பிஎல்-9 ஸ்கேனிங் எக்ஸாஃப்ஸ் (எட்ஜுக்கு அப்பால் நீளும் உறிஞ்சல் அலைவு) பீம்லைன் 4000 ஈவி-யிலிருந்து தொடங்குகிறது, அதைக் கேளுங்கள். பிஎல்-8 5000 ஈவி-யிலிருந்துதான் தொடங்கும், டைட்டானியம் எட்ஜ் 4966 என்பதால் அது எட்டாது.

டைட்டானியம் எட்ஜில் எல்லாத் தொல்லையும் ஒரே பக்கம்தான் இழுக்கும். சுய உறிஞ்சல், வில்லையில் ஓட்டை, மேல்சுர அலைகள் (தேர்ந்த ஆற்றலின் மடங்குகள்), டிடெக்டரின் டெட் டைம் (ஒரு கதிரை எண்ணும்போது அடுத்ததைத் தவறவிடும் நேரம்), நான்குமே பெரிய சிக்னலை அமுக்கும், சின்னதை விட்டுவிடும். நான்குமே ப்ரீ-எட்ஜை உயர்த்திக் காட்டும். அதனால் உயரம் கூடுதலாக வந்தால் கனிமத்தைச் சந்தேகிக்கும் முன் இந்த நான்கையும் ஒவ்வொன்றாக விலக்க வேண்டும்.

வாயு. முன்பு அளந்தவர் அதிக ஆற்றலில் வேலை செய்திருந்தால் முதல் அயனி அறையில் (கதிரின் செறிவை அளக்கும் வாயு அறை) ஆர்கான் இருக்கலாம். 5000 ஈவி-யில் 2 செ.மீ. ஆர்கானே கதிரில் முக்கால் பங்கை விழுங்கும், மாதிரிக்கு எதுவும் வந்து சேராது. முதல் அறையில் பாதி ஹீலியம், பாதி நைட்ரஜன் போடுங்கள், 10 செ.மீ. அறையில் 15 சதவீதம் போல உறிஞ்சும். மாதிரிக்குப் பின்னாலுள்ள அறையில் முழு நைட்ரஜன். நடுவில் காற்று வெளி இருந்தால் 10 செ.மீ.க்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு, ஹீலியம் குழாய் வைத்துவிடுங்கள்.

மேல்சுர அலை. சிலிக்கான் 111 படிகத்தில் 4966-ஐத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றாம் மடங்கான 14,898 ஈவி-யும் கூடவே நுழையும். உங்கள் மாதிரியில் இரும்பு நிறைய இருப்பது இங்கே வசதி. இரும்பின் கே-எட்ஜ் 7112, எனவே 5000 ஈவி கதிரால் இரும்பு ஒளிரவே முடியாது. டிடெக்டரின் திரையில் 6404 ஈவி-யில் இரும்புச் சிகரம் எழுந்தால் அது மேல்சுர அலை கொடுத்தது. கண்ணாடி இருந்தால் அதன் கோணத்தைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் படிகத்தைச் சற்றே திருப்பி, கதிரின் செறிவு 50 சதவீதம் குறையும் வரை டிட்யூன் செய்யுங்கள். அந்தச் சிகரம் படுத்துக்கொள்ளும் வரை அளக்கத் தொடங்காதீர்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

ஃப்ளூரசன்ஸ் ஜன்னலை 4400 முதல் 4620 வரை வையுங்கள். டைட்டானியத்தின் கே-பீட்டா உமிழ்வுக் கோடு 4930-ல் வருகிறது, அதன் மேலேயே சிதறிய கதிர் விழும், அதைச் சேர்க்க வேண்டாம். டிடெக்டர் கதிருக்கு 90 டிகிரியில். டெட் டைம் 10 சதவீதத்தைத் தாண்டினால் டிடெக்டரைப் பின்னால் தள்ளுங்கள்.

ஸ்கேன் படி: 4860 முதல் 4955 வரை 5 ஈவி, 4955 முதல் 4962 வரை 0.5, 4962 முதல் 4980 வரை 0.15, அங்கிருந்து 5020 வரை 0.4, அதற்குமேல் எக்ஸாஃப்ஸ் படி. 0.15-ஐ விடச் சிறிய படி வீண், உட்துளையின் (எலக்ட்ரான் வெளியேறிய உள்கூட்டு வெற்றிடம்) அகலமே 0.9 ஈவி-க்குப் பக்கம். 0.5 வைத்தால் அனடேஸின் ப்ரீ-எட்ஜ் தோள் காணாமல் போகும். எக்ஸாஃப்ஸ் எவ்வளவு தூரம் போகும் என்பது மாதிரியைப் பொறுத்தது. வனேடியம் இருந்தால் 5465-ல் வெட்டிவிடும், அதாவது கே (எலக்ட்ரானின் அலை எண்) 11-ஐக் கொஞ்சம் தாண்டி. பேரியம் இருந்தால் 5247-லேயே. அணைவு எண் 5-க்கான ஸ்டாண்டர்டாகச் சொல்லப்படும் ஃப்ரெஸ்னோய்ட்டில் பேரியம் உண்டு, அதற்கு ஸேன்ஸ் மட்டும் எடுங்கள்.

டைட்டானியம் தகட்டை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மூன்றாம் அறைக்கு முன் வைத்தே எடுக்கப் பாருங்கள். தடித்த மாதிரி மறைத்துவிட்டால், மாதிரிக்கு முன்னும் பின்னும் தகட்டைத் தனியே ஓட்டுங்கள். அணைவு எண் 5-க்கும் 6-க்கும் இடையிலான வித்தியாசமே 1 ஈவி, 0.3 ஈவி நகர்வு கூட முடிவைக் கெடுக்கும்.


ஒளிக்கற்றை:

பயோடைட்டும் குவார்ட்சும் தனி ஆட்டம். மைக்ரோ கற்றை வேண்டும், பிஎல்-16 நுண்குவிய பீம்லைனைப் பாருங்கள்.

பயோடைட் தகடு தகடாகப் படுத்திருக்கும், சின்க்ரோட்ரான் கதிரோ கிடைமட்டமாகத் துருவப்பட்டது. தகட்டைத் திருப்பினால் ப்ரீ-எட்ஜ் உயரம் மாறும், அணைவு மாறாமலேயே. ஒரே பரலைக் குறைந்தது இரண்டு திசையில் அளவுங்கள், அல்லது பொடியாக்கிச் சராசரி எடுங்கள். ஒரு திசை அளவை வைத்து அணைவு எண் பேச வேண்டாம்.

குவார்ட்சில் டைட்டானியம் சிலிக்கான் இடத்தில் நான்கு அணைவாக உட்காரும், எனவே உண்மையான சிக்னல் 4969.5 பக்கம் உயரமாக வர வேண்டும். ஆனால் சார்னோக்கைட்டின் நீலக் குவார்ட்சில் நுண்ணிய ரூட்டைல் ஊசிகள் இருக்கலாம். ஊசியின் மேல் கதிர் பட்டால் 4971.5-ல் ஆறு அணைவுச் சிகரம் வந்துவிடும். முதலில் டைட்டானியம் வரைபடம் ஓட்டி, ஊசி இல்லாத இடத்தைத் தேர்ந்து அளவுங்கள். வழக்கமான 30 மைக்ரான் மெல்லிய வெட்டும் போதாது. 5000 ஈவி கதிர் குவார்ட்சில் 27 மைக்ரான் போயும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமிருக்கும், அது கீழேயுள்ள கண்ணாடியில் இருக்கும் டைட்டானியத்தையும் சேர்த்துக் காட்டும். 100 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள், அல்லது தூய சிலிக்கா கண்ணாடியில் ஒட்டுங்கள்.

பாக்சைட்டுக்குத் திரும்பினால்: நுண்ணிய பொடியாக்கி அளந்தபின் உயரம் 0.2 பக்கம் இறங்கும் என்பது என் கணிப்பு. அப்போதும் 4970.5 பக்கம் ஒரு தோள் மிச்சமிருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். சில நானோமீட்டர் அளவுள்ள அனடேஸில் மேற்பரப்பு டைட்டானியத்துக்கு ஆக்சிஜன் குறையும், அது அந்த இடத்தில்தான் தெரியும். அது நிஜமான சிக்னல். பொருத்தும்போது அனடேஸ், ரூட்டைல், இல்மனைட் மூன்றையும் 4960 முதல் 5020 வரை வையுங்கள். மூன்றையும் சேர்த்தும் 4970.5-ல் மிச்சம் நின்றால் மட்டும் நுண் அனடேஸை நான்காவதாகச் சேருங்கள். எக்ஸ்ஆர்டி-யில் கயோலினைட் மறைத்த அனடேஸ் அங்கேயே மாட்டும்.